மச்சானுக்கு, லொங்காங் கரையிலருந்து

மச்சான்,

தீபாவளிக்கு எழுதுறேன்னு சொன்னேன், தைப்பூசமும் போயிடுச்சு, திட்டிக்கடா. வீட்டுல எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கு.

இப்ப என்னை எழுத வச்சது வீட்டு பின்னாடி இருக்கிற சாக்கடை, அதான் நம்ம லொங்காங். சிரிக்காத. போன வாரம் அரை மணி நேர மழைக்கே தண்ணி சமையல்கட்டுக்குள்ள வந்துடுச்சு, அம்மா அரிசி டின்ன தூக்கி மேசை மேல வச்சிட்டு அதுக்கு காவலா பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. விடிஞ்சதும் நானும் பக்கத்து வீட்டு மலாய் பெரியவர் பாச்சிக்கும் சிமெண்டு மூடிய கம்பி விட்டு நெம்பி பார்த்தா, எண்ணெய் ஊத்தி ஊத்தி மெழுகு மாதிரி வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, அதுல நாசி சோத்து பொட்டல தாளு, ஒத்த ஜப்பான் செலிப்பர் செருப்பு. ஊத்துனது நம்ம தெரு ஆளுங்கதான், வேற யார சொல்ல.

கவுன்சில் ஆபீஸுக்கு ரிப்போர்ட் கொடுக்க போனேன். கவுண்டர் தம்பி தன்மையாதான் பேசுனான், "அங்கிள், உங்க ஏரியா கவுன்சிலர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க"ன்னான். யாருடா அது? வருஷத்துக்கு ரெண்டு தரம் வீட்டு வரி கட்டுறேன், பேர் கூட தெரியல. ஓட்டு போட்டிருந்தாதான தெரியும்!

அன்னிலருந்து இந்த கவுன்சிலர் தேர்தல் கதைய தோண்டுற பைத்தியம்தான். மலாயாவுலயே முதல் நகராட்சி தேர்தல் நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன்ல, 1951ல. 1957ல சிட்டி ஆனப்ப முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், நீ சைக்கிளோட கவுந்தியே அந்த ஸ்காட் ரோட்டுக்கு இப்ப அவர் பேருதான். பஸ், கரண்டு, தண்ணி எல்லாம் அந்த கவுன்சிலே நடத்துச்சு. 1965ல கொன்ஃப்ரொந்தாசிய, அதான் இந்தோனேசியா மலேசியாவோட மோதுன சண்டைய, காரணம் காட்டி தேர்தல நிறுத்துனாங்க, 1976 உள்ளாட்சி சட்டத்தோட அது முடிஞ்சே போச்சு, இப்ப கவுன்சிலர நியமிக்கிறது மாநில அரசாங்கம். பினாங்கு 2012ல சட்டம் போட்டு திரும்ப கொண்டு வர பார்த்துச்சு, 2014ல ஃபெடரல் கோர்ட்டு முடியாதுன்னுடுச்சு. உங்க கோலாலம்பூர்லயும் மேயர், அந்த டத்தோ பண்டார், நியமனம்தான், ரொம்ப பேசாத.

ஓட்டு போட்டா லொங்காங் தானா சுத்தமாயிடுமான்னு கேப்ப. ஆகாது. எலெக்சன் வந்தா கட்சிக்காரன் கொடி கட்டுறதுலயே அடைச்சாலும் அடைச்சிடுவான். ஆனா 2017 நவம்பர் மழைய நினைச்சு பாரு, பினாங்குல ஏழு பேர் செத்தாங்க, நீ விடிய விடிய போன் போட்டுக்கிட்டே இருந்த. எங்க லொங்காங் நாங்க வீடு வாங்குனப்ப போட்ட அதே அகலம், மேல இருந்த காலி நிலத்துல இப்ப ரெண்டு கொண்டோ அடுக்குமாடி. அந்த தண்ணியெல்லாம் எங்கடா போகும்? ராத்திரி மழை சத்தம் கேட்டா எனக்கு தூக்கம் போயிடுது.

கவுன்சிலர் பேர கண்டுபிடிச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன், கேஸ் கடை நம்பருக்கு கீழ. சனிக்கிழமை பாச்சிக்கும் நானும் மறுபடி மூடிய தூக்குறோம். வந்தின்னா இன்னொரு செலிப்பர நீ தேடு.

உன் பழைய பாவி