ஒரு சிவப்பு சாக்கெட் கேட்டுத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டட, மின்வசதிக் குழுவின் தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இதே விஷயத்தை ஆங்கிலத்தில் உங்களுக்கு எழுதி, 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதிலும் வாங்கிவிட்டேன். இப்போது தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதக் காரணம் உண்டு. செல்களை உடல் வெப்பத்தில் வைத்து வளர்க்கும் எங்கள் ஆய்வகத்து இன்குபேட்டர் பெட்டி பல்கலைக்கழகக் காசில் வாங்கியதல்ல. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கத்து மாதர் சங்கம் ஒன்று பிரியாணி விற்றுச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. அந்தச் சங்கத்து மூத்த அம்மாக்களில் சிலர் சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர்கள், இன்றைக்கும் தமிழ் வாசிப்பவர்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த பெட்டிக்கு என்ன ஆயிற்று என்பது அவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும்.

உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். சனிக்கிழமை இரவு வட்டாரத்துக் கேபிளில் பழுது, கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதோடு இணைந்த சிவப்பு சாக்கெட்டுகள் அனைத்துக்கும் மின்சாரம் வந்தது. எங்கள் இன்குபேட்டரோ வெள்ளை சாக்கெட்டில் இருக்கிறது. கூட்ட அறையின் ஃபிரிட்ஜ் சிவப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அந்த ஃபிரிட்ஜில் ஆரஞ்சு ஜூஸ் ஜில்லென்று இருந்ததை நானே பார்த்தேன்.

இன்குபேட்டரின் அலாரம் பேட்டரியில் ஓடுவது. அது கத்தியிருக்கிறது. இரவுக் காவலர் சத்தம் கேட்டு வந்து, கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். அந்த எண்ணுக்கு உரியவர் வேலையை விட்டுப் போய் வெகு நாளாகிறது. புது எண் ஒட்ட உங்கள் அலுவலகத்தின் அனுமதி வேண்டுமாம், அதுவும் நிலுவையில் கிடக்கிறது. காவலரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றிரவு தன் கடமையைச் செய்த ஒரே மனிதர் அவர்தான்.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: அந்த இன்குபேட்டருக்கு ஜெனரேட்டர் இணைப்புள்ள ஒரு சிவப்பு சாக்கெட் போட்டுத் தாருங்கள். ஒன்று போதும்.

இதில் என்ன பெரிய இழப்பு என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகிவிடும். ரசம்கூட இறங்காது, எச்சில் விழுங்குவதே வேதனை. குறிப்பிட்ட அளவில் சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியை வாய்க்குள் காட்டினால் அந்தப் புண் வருவதைக் குறைக்கலாம் என்று 2020இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இந்த ஒளிச் சிகிச்சைத் துறை பிறந்ததே ஒரு விநோதம். 1967 வாக்கில் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளி புற்றை உண்டாக்குமா என்று பார்க்க முடி மழித்த எலிகள்மேல் அதைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை. மழித்த இடத்தில் முடிதான் வேகமாக வளர்ந்தது.

இன்று அதற்குப் பெரிய லேசர்கூட வேண்டாம், எல்இடி போதும். இருவகைக் குறைகடத்திகள் சேரும் இடத்தில் எலக்ட்ரான்கள் துளைகளோடு, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களோடு, இணையும்போது வெளிச்சம் பிறக்கிறது. அது என்ன நிறம் என்பது அந்தப் பொருளின் ஆற்றல் இடைவெளியைப் பொறுத்தது. அலுமினியம், காலியம், இண்டியம், பாஸ்பரஸ் கலந்த சில்லு எங்களுக்கு 660 நானோமீட்டர் சிவப்பைத் தருகிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு நொதி அந்த ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் செல்லுக்குத் தெம்பு கூடுகிறது என்பது பலரும் முன்வைக்கும் விளக்கம்.

பணம் கொடுக்க வந்த அன்றே அந்தச் சங்கத்து அம்மா ஒருவர் கேட்டுவிட்டார்: "வெளிச்சம் புண்ணை ஆத்துது சரி, உள்ள ஒளிஞ்சிருக்கிற நோய்க்கும் தெம்பு குடுத்துடாதாம்மா?" எங்கள் ஆய்வு முழுக்க அந்த ஒரு கேள்விதான். நாக்குப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்த செல்களுக்கு அதே ஒளியை வெவ்வேறு அளவில் காட்டுகிறோம். எவை பிழைக்கின்றன, எவை சாகின்றன, எந்த அளவில் அவை பெருகத் தொடங்குகின்றன என்று பார்க்கிறோம். அந்த அம்மா சும்மா கேட்கவில்லை. டர்பன் பக்கத்து இந்தியர்களிடம் பாக்குப் போடும் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை இங்கேயே 1990களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004இல் வெளியிட்ட தொகுதியில், பாக்கையே புற்றுக்காரணி என்று வகைப்படுத்திவிட்டது. நம் வீட்டு வெற்றிலைத் தட்டு அது. இந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

சரி, இழப்புக்கு வருகிறேன். செல் பிழைத்ததா என்று ஒரே நாளில் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. மஞ்சள் சாயத்தைப் போட்டால் உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். ஆனால் சாயத்தை மாற்றுவதில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு, நாங்கள் ஒளியால் தூண்டுவதும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான். ஊதா கூடினால் செல்கள் பெருகிவிட்டனவா, இருக்கிற செல்கள் கூடுதல் சுறுசுறுப்பாகிவிட்டனவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பக் என்பவரும் மார்கஸ் என்பவரும் 1956இல் வகுத்த பழைய வழியையும் விடாமல் செய்கிறோம். தட்டுக்கு சில நூறு செல்களை விதைத்து, ஒளி காட்டி, 37 டிகிரியில், 5 சதவீதக் கரியமில வாயுவில் 10 முதல் 14 நாள் அசைக்காமல் விட்டுவிட வேண்டும். ஒரு செல் பெருகிக் குறைந்தது 50 ஆகியிருந்தால்தான் அது பிழைத்ததாகக் கணக்கு.

அந்தப் பத்துப் பதினான்கு நாளுக்குள் எதுவும் நடக்கக் கூடாது. ஒளி காட்டும்போது நாங்கள் படும் பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். எல்இடி சூடானால் வெளிச்சம் குறையும், அலைநீளமும் நகரும். அதனால் அலுமினியத் தகட்டில் பொருத்தி, மின்னோட்டம் மாறாமல் கட்டுப்படுத்தி, ஒவ்வொரு முறையும் ஒளிமானியால் அளக்கிறோம். சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் வீதம் 100 விநாடி, ஆக 5 ஜூல். அதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பலன் வேறாகலாம், குறைந்த அளவு தூண்டும், மிகுந்த அளவு அடக்கும். ஒளி காட்டும்போது தட்டு அரை டிகிரி சூடாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறோம். இத்தனையும் செய்து உள்ளே வைத்த தட்டுகள் அந்தச் சனி, ஞாயிறில் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்துபோயின. கரியமில வாயு கசிந்து, ஆரஞ்சுச் சிவப்பாக இருக்க வேண்டிய ஊட்ட நீர் பளீரென்ற இளஞ்சிவப்பாகிவிட்டது. கதவைத் திறந்து பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எண்ணுவதற்கு உட்காரவே இல்லை.

எல்லாச் செல்களும் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாதி பிழைத்துக் கிடந்ததுதான் கொடுமை. "ஒளி காட்டிய தட்டு, காட்டாத தட்டு இரண்டுக்கும் ஒரே குளிர்தானே, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாமே" என்று உங்கள் குழுவினர் ஒருவர் தாழ்வாரத்தில் எனக்கு யோசனை சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னார், தெரியும். ஆனால் இன்குபேட்டரின் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும், கதவோரமும் உட்புறமும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை. அதோடு, குளிரில் நொந்த மைட்டோகாண்ட்ரியா ஒளிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. காய்ச்சலில் கிடந்தவர்களை எழுப்பிப் பந்தயத்தில் ஓடவிட்டு, யாருடைய செருப்பு நல்ல செருப்பு என்று தீர்ப்புச் சொல்வதற்குச் சமம் இது. எங்கள் விடை சிறிய வித்தியாசங்களில் இருக்கிறது. கரண்டு போனதால் நேர்ந்த சாவு அந்த வித்தியாசத்தை அப்படியே விழுங்கிவிடும்.

எல்லாவற்றையும் குப்பையில் போட்டோம். மறுபடி திரவ நைட்ரஜனிலிருந்து செல்களை எடுத்து உருக்கி, அவை தேறி, சீராகப் பெருகும்வரை காத்திருந்து, செல்களுக்கு ஊட்டமாக வெளிநாட்டிலிருந்து வரும் சீரத்துக்கு மறுபடி கொள்முதல் படிவம் போட்டு, மூன்று விலைப்புள்ளி கேட்டு... அது வேறு ஒரு குழு, வேறு ஒரு மடல்.

நடந்ததைப் பதிவு செய்ய ஒரு படிவமும் அனுப்பினீர்கள். அதில் 'உயிரிழப்பு ஏதேனும் உண்டா' என்று ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று பேனாவோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்றுதான் எழுதினேன்.

ஜெனரேட்டரின் தாங்குதிறன் போதாது என்கிறீர்கள். எங்கள் இன்குபேட்டர் சூடேறும் நேரத்தில்கூடச் சில நூறு வாட்தான் எடுக்கும். கூட்ட அறையின் கெட்டில் 2000 வாட்டை நெருங்கும், அது சிவப்பில் இருக்கிறது. கெட்டிலைப் பிடுங்கச் சொல்லவில்லை ஐயா, டீ எல்லோருக்கும் வேண்டியதுதான். இரண்டையும் தாங்க முடியாது என்றால் எதை முதலில் தாங்குவது என்று ஒரு தடவை யோசியுங்கள் என்கிறேன். நாங்களே கள்ளத்தனமாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. சாதாரண பிளக் சிவப்பு சாக்கெட்டுக்குள் நுழையாதபடிதான் இந்த நாட்டில் செய்து வைத்திருக்கிறார்கள்.

இந்த நாடு கரண்டு வெட்டுக்குப் பழகிய நாடு. 2007 கடைசியில் தொடங்கிய, முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட்ஷெடிங்கில் ஒரு வசதியாவது இருந்தது: அட்டவணை வரும். எத்தனை மணிக்குப் போகும் என்று பார்த்து நாங்கள் சோதனையை நகர்த்திக்கொள்வோம். 2024 மார்ச்சுக்குப் பிறகு அது பெருமளவு அடங்கிவிட்டது, அதற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் கேபிள் திருட்டுக்கும் பழுதுக்கும் யாரும் அட்டவணை போடுவதில்லை. லோட்ஷெடிங் முடிந்துவிட்டது, இனி அவசரமில்லை என்று எங்கள் கோரிக்கையைக் கீழே இறக்கிவிட்டீர்கள். இன்றைக்குத்தான் அவசரம் கூடுதல்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் மேடையேறி, 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கியவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறீர்கள். கரும்புத் தோட்டத்தில் பாடுபட்டவர்கள் சில்லறை சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய கதையைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கிறது, எங்களுக்கும்தான். அவர்களின் பேத்திகள் சில்லறை சேர்த்து வாங்கியதுதான் இந்த இன்குபேட்டர். அதைத் திறந்து வைத்த விழாப் படம் இன்னும் உங்கள் அலுவலகச் சுவரில் இருக்கிறது. எங்கள் எல்இடி விளக்கின் படத்தைப் பெரிதாக்கி, 'புதுமையின் ஒளி' என்று தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் படத்துக்கு மேலே எரியும் விளக்கு ஜெனரேட்டர் லைனில் இருக்கிறது என்று எங்கள் மின்பணியாளர் சொன்னபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வருடக் கடைசியில் 'எத்தனை கட்டுரை' என்று கேட்பீர்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்ற ஒரே ஒரு தேர்வுதான் இருக்கிறது. மாணவர்களின் உதவித்தொகை நீட்டிப்பு அந்தக் கட்டத்தை நம்பித்தான் நிற்கிறது. தரவரிசை வெளியாகும் நாளில் மட்டும் நாங்கள் எல்லோரும் 'நம் குடும்பம்'.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது ஒரு சாக்கெட்.

அதற்கு என்ன வேலை என்பதையும் விசாரித்துவிட்டேன். சிவப்பு லைன் எங்கள் ஆய்வகத்துக்கு வெளியே தாழ்வாரம்வரை ஏற்கெனவே வந்து நிற்கிறது. சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுவர வேண்டும். உங்கள் பணியாளர்களே போதும், வெளி ஒப்பந்தக்காரர் தேவையில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். வேண்டியது உங்கள் கையெழுத்து. செலவுதான் தடை என்றால் அதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாதர் சங்கம் இன்னொரு தடவை பிரியாணிப் பானையை அடுப்பில் ஏற்றத் தயார் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அதை நான் அவர்களிடம் கேட்கவில்லை, கேட்கும் நிலைக்கு என்னைத் தள்ளவும் வேண்டாம்.

கதவில் ஒட்டும் போன் எண்ணை மட்டும் நாங்களே மாற்றிவிட்டோம். அனுமதி வாங்கவில்லை. விளக்கம் கேட்டு எழுதினால் பதில் தருகிறேன்.

புதுச் செல்கள் தேறி வருகின்றன. அடுத்த தொகுதியை அடுத்த மாதத் தொடக்கத்தில் விதைக்க வேண்டும். அதற்குள் இன்குபேட்டருக்கு ஜெனரேட்டர் இணைப்புள்ள சிவப்பு சாக்கெட் ஒன்று போட்டுத் தரும்படியும், எந்தத் தேதியில் ஆள் வருவார் என்று எழுத்தில் தெரிவிக்கும்படியும் மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒளிச் சிகிச்சை ஆய்வகத்தின் ஆராய்ச்சி மாணவி,
டர்பன்