புதிய கிராபிக்ஸ் கார்டுக்கு முற்பணம் வாங்கும் கடைக்காரர்களுக்கு

கொழும்பில் கொம்பியூட்டர் பாகங்கள் விற்கும் முதலாளிமாருக்கும், கவுண்டரில் நின்று எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போகும் தம்பிமாருக்கும் வணக்கம்.

கேமின் படங்களை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் புதியது ஒன்று அறிவிக்கப்பட்ட மறுநாளே உங்களில் பலர் பேஸ்புக்கில் 'முற்பதிவு ஆரம்பம்' என்று படம் போட்டுவிடுகிறீர்கள். படத்தில் இருப்பது கம்பனிக்காரர் மேடையில் காட்டிய அதே வரைபடம். விலை இருக்காது, 'இன்பொக்ஸ் பண்ணுங்கள்' என்று மட்டும் இருக்கும். இன்பொக்ஸ் பண்ணினால் முற்பணம் கேட்பீர்கள். நான் கேட்பது இதுதான்: சுயாதீனமாகச் சோதித்தவர்களின் எண்கள் வரும்வரை ஒருவரிடமும் முற்பணம் வாங்காதீர்கள். முடிந்தால் அந்தச் சோதனையில் ஒரு பங்கை நீங்களே செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்றால், மேடையில் சொல்லப்படுவதற்கும் வீட்டுக்கு வருவதற்கும் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகிறது. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் கிராபிக்ஸ் கார்ட் கம்பனியான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்ட், அப்போதைய உச்ச கார்டான 4090இன் வேகத்தைத் தரும் என்றார். 4090 வந்தபோது அதன் விலை 1,599 டொலர். மார்ச்சில் 5070 கடைக்கு வந்தது. சோதித்துப் பார்த்தால் அது முந்திய தலைமுறையின் 4070 சூப்பருக்குப் பக்கத்தில்தான் நின்றது. 4090இன் 24 ஜிபி மெமரிக்கு இதில் இருப்பது 12 ஜிபி. மேடையில் சொன்னது முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 என்ற மென்பொருளில், கார்ட் உண்மையாக வரையும் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், மூன்று பிரேம் வரை ஊகித்துச் செருகலாம். திரையின் மூலையில் செக்கனுக்கு 120 பிரேம் என்று காட்டும். உங்கள் மௌஸ் அசைவுக்குப் பதில் வருவது 30 பிரேமின் வேகத்தில், சில நேரம் அதற்கும் பிந்தி. ஏற்கெனவே 60, 70 பிரேம் ஓடுகிற கேமை 240 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் இன்னும் வழுவழுப்பாக்க இது நல்ல வசதி, மறுக்கவில்லை. ஓடாத கேமை அது ஓடவைக்காது. இதைத் தெரிந்துகொண்டே, மார்ச்சுக்குப் பிறகும் ஒரு கடையில் '4090 மாதிரித்தான் தம்பி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என்விடியாவின் இன்னொரு கார்டான 5060 வந்த விதம் இதைவிட மோசம். அதே ஆண்டு மே 19இல் அது விற்பனைக்கு வந்தது. சோதிக்கத் தேவையான டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பெரும்பாலான விமர்சகர்களுக்கு அதற்கு முன்பு கொடுக்கப்படவில்லை. அவர்களில் பலர் அந்த வாரம் கம்பியூடெக்ஸ் கண்காட்சிக்காகத் தாய்பேயில் இருந்தார்கள். சிலருக்கு மட்டும், இந்தக் கேம், இந்த செட்டிங் என்று நிபந்தனை போட்டு முன்கூட்டியே பார்க்க விட்டார்கள். ஏப்ரலில் 5060 டிஐ வந்தபோதும் விமர்சகர்களுக்குப் போனது 16 ஜிபி கார்ட்தான். 8 ஜிபியை அவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதித்தார்கள். ஒரு பொருளைச் சோதிக்க விடாமல் விற்கிறார்கள் என்றால் அதற்கு முற்பணம் வாங்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கவேண்டும்.

சரி, விமர்சனம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எங்களுக்கு அப்படியே பொருந்துமா? வெளிநாட்டில் சோதிப்பவர்கள் ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற உச்ச புரொசசரில், புதிய மதர்போர்டில் கார்டைப் பூட்டுகிறார்கள். கார்டின் முழு வலிமையைப் பார்க்க அதுவே சரியான முறை. ஆனால் உங்களிடம் கார்ட் வாங்க வருகிற பொடியன் வீட்டில் இருப்பது பழைய பி450 மதர்போர்டும் ரைசன் 5 3600 புரொசசரும். அந்த போர்டில் கார்ட் பூட்டும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0. 5060 டிஐ கார்டுக்கு அந்த இணைப்பில் தரவு போய்வரும் பாதைகள், அதாவது லேன்கள், எட்டுத்தான். மெமரி நிறையாதவரை இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. 8 ஜிபி நிறைந்ததும் மிச்சம் மதர்போர்டின் ரேமுக்குப் போய் வரவேண்டும், அந்த இடத்தில் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் லொறி புகுந்த கதைதான். சராசரி பிரேம் எண்ணில் இது முழுதாகத் தெரியாது. மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் பிரேம்களின் எண்ணைப் பார்த்தால்தான் கேம் எங்கே விக்குகிறது என்று தெரியும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டுக்குப் பதினாறு லேன்கள், பழைய போர்டில் அதற்கு இது ஒரு கூடுதல் பலம். இன்டெலின் ஆர்க் பி580 பற்றியும் சொல்லவேண்டும்: 249 டொலருக்கு 12 ஜிபி என்று 2024 டிசம்பரில் எல்லோரும் புகழ்ந்தார்கள். அடுத்த மாதமே, பழைய புரொசசர்களோடு சேர்த்தால் அதன் வேகம் நன்றாக விழுகிறது என்று தெரியவந்தது. உச்ச புரொசசரில் மட்டும் சோதித்திருந்தால் அது தெரிந்திருக்காது.

விலைக்கு வருகிறேன். கம்பனி மேடையில் சொல்லும் டொலர் விலையில் வரி இல்லை. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 549 டொலர் 164,700 ரூபா. 2024 ஜனவரியில் இருந்து வற் 18 சதவீதம், அதோடு கிட்டத்தட்ட 194,000. இதற்கு மேல்தான் கப்பல் செலவும் உங்கள் லாபமும். லாபம் வைக்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, டொலரோடு மல்லுக்கட்டி விற்கும் கஷ்டம் புரிகிறது. ஆனால் 5060 டிஐ வந்தபோது 8 ஜிபி 379 டொலர், 16 ஜிபி 429. வித்தியாசம் 50 டொலர், வற்றோடு 18,000 ரூபாவுக்கும் குறைவு. அந்த வித்தியாசம் இங்கே நாற்பதாயிரமாக மாறினால் அதற்குக் காரணம் சொல்லுங்கள். முற்பணத்தில் இன்னொரு வினையும் இருக்கிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். விலையை உறுதிசெய்யாமல் முற்பணம் வாங்கினால் அந்த ஆபத்து முழுவதும் வாங்குபவன் தலையில்தான்.

அப்புறம் பெயர்கள். 2016இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 இரண்டு வகையாக வந்தது. 3 ஜிபி வகையில் மெமரி மட்டுமல்ல, கணக்குப் போடும் கோர்களும் குறைவு, 1280க்குப் பதிலாக 1152. பெட்டியில் பெயர் ஒன்றுதான். 2022இல் 12 ஜிபி '4080' என்று ஒன்றை 899 டொலருக்கு அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். அது 2023 ஜனவரியில் 799 டொலருக்கு 4070 டிஐ ஆக வந்தது. பெயரை மட்டும் பார்த்து முற்பதிவு செய்தவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? இனி வருகிற கார்டுகளில் இந்தக் குழப்பம் கூடவே செய்யும். ஜிடிடிஆர்7 என்ற புதிய வகை மெமரியில் இப்போது 3 ஜிபி சிப்கள் இருக்கின்றன. ஆறு சிப் பூட்டும் 192 பிட் கார்டில் 12க்குப் பதில் 18 ஜிபி வைக்கலாம், நான்கு சிப் பூட்டும் 128 பிட் கார்டில் 8க்குப் பதில் 12 வைக்கலாம். அதனால் ஒரே பெயரில் பழைய அளவும் புதிய அளவும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடும். விலைச்சீட்டில் மெமரி அளவு, லேன் எண்ணிக்கை, வாட் மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள். 5060க்கு 145 வாட், ஏஎம்டியின் 9070 எக்ஸ்டிக்கு 304. பவர் சப்ளையும் மாற்றவேண்டுமா என்பது வீட்டுக்குப் போன பிறகு தெரியவரும் விஷயமாக இருக்கக்கூடாது.

யூனிட்டி பிளாசா பக்கம் உள்ள கடைகள் இரண்டு மூன்று சேர்ந்தாலே போதும். உங்கள் ரிப்பேர் மேசையில் கிடக்கும் பி450 போர்டில் ஒரு 3600ஐப் பூட்டி, 16 ஜிபி ரேம் போட்டு, ஒரு 1080பி மொனிட்டரோடு நிரந்தரமாக வையுங்கள். அடுத்த கார்ட் இறங்கியதும் முதல் பெட்டியை உடைத்து, பிரேம் செருகும் வசதியை நிறுத்திவிட்டு நாலைந்து கேமை ஓட்டி, வந்த எண்களைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். நல்லதோ கெட்டதோ, அப்படியே. உடைத்த பெட்டியை யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். முழு வாரண்டியோடு ஐயாயிரம் குறைத்துக் கொடுங்கள், நான் வருகிறேன்.