துவாலு நாட்டின் பிரதிநிதியாக இருந்த தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து விவாதிக்கும் மாதிரி ஐ.நா. சபை இந்த வருஷம் கடலூரில் நடக்கப்போகிறது, அதில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீதான் சேர், அதாவது சபையை நடத்தும் தலைவர், என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். போன வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவள் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பிள்ளைகளைத் தமிழில் பேச விடு. மற்ற பள்ளிகளில் சேராக உட்காரப் போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

விதியில் இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் என ஆறுதான். ஆனால் பொதுச்சபையின் நடைமுறை விதி 53-இன்படி, ஒரு பிரதிநிதி வேறு மொழியிலும் பேசலாம். மொழிபெயர்ப்புக்கு மட்டும் அவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். 1977-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசியிருக்கிறார்.

போன வருஷம் முதல் நாள் காலை முழுக்க பேச வாய்ப்புக் கேட்டுத் தூக்க வேண்டிய உன் நாட்டுப் பெயர்ப் பலகை மேசையை விட்டு எழவே இல்லை. அமெரிக்காவும் சீனாவும் பிரிட்டனும்தான் மாறி மாறிப் பேசினார்கள், அத்தனையும் மனப்பாடம் செய்த ஆங்கிலம். மதியம் நான் விதி 53-ஐப் படித்துக் காட்டி, உன் தோழி மொழிபெயர்க்கட்டும் என்றதும் எழுந்தாய். பசிபிக் கடலின் சின்னத் தீவு நாடான துவாலுவில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிக் கிழங்குக் குழிகளை உப்பாக்குவதைச் சொன்னாய். அப்புறம், "எங்க தேவனாம்பட்டினத்துல சுனாமிக்கு அப்புறம் கிணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியலன்னு ஆயா சொல்லும். துவாலுக்காரங்களுக்கு அது முடியவே இல்ல" என்றாய்.

அங்கிருந்து விவாதமே மாறிவிட்டது. கடல் மட்டம் உயர்ந்து மூழ்கிப் போன நாட்டுக்கு ஐ.நா.வில் ஓட்டு இருக்குமா, அதன் மீன்பிடி எல்லை யாருக்குப் போகும், மக்களை யார் ஏற்பார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை! சர்வதேசச் சட்ட அறிஞர்களும் இதே கேள்விகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆங்கிலம் பழகத்தானே அனுப்புகிறோம் என்று பெற்றோர் சிலர் சொல்வார்கள். பழகட்டும். அன்று அந்த அறையில் அதிகமாக ஆங்கிலம் பழகியது உன் பேச்சை மொழிபெயர்த்த பிள்ளைதான்.

இதெல்லாம் பள்ளிக்கூட விளையாட்டு என்று யாராவது சொன்னால் வனுவாட்டுவின் கதையைச் சொல். பருவநிலை பற்றி சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-இல் தொடங்கிய கோரிக்கையை அந்தச் சின்ன நாடு கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் பொதுச்சபை அதை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் கருத்துச் சொன்னது.

நடைமுறையில் இரண்டைக் கவனி. மொழிபெயர்ப்புக்கு ஆகும் நேரத்தைப் பேசுகிறவரின் நேரத்தில் கழிக்காதே. மொழிபெயர்க்கப் போகிறவரை முந்தைய நாளே உட்காரவைத்துப் பேசவிடு. ஆசிரியர்களைப் பார்க்கப் போகும்போது விதியின் நகல் கையில் இருக்கட்டும். தயக்கமாக இருந்தால் சொல், சனிக்கிழமை பாண்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறேன், சேர்ந்தே போய்க் கேட்போம்.

அன்புடன்,
அக்கா