ஷினோஹாரா கம்பெனியும் உன் கையெழுத்தும்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். பாபுவுக்கு இரண்டாவதும் பெண். போனில் என்றால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

'பேட்லேபர்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்த்து முடித்துவிட்டேன். ரோபோ என்றாலே சின்னப் பசங்க சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்புவாயே, இதை உட்கார்ந்து பார். 1988 இல் வீடியோத் தொடராக வந்தது. டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து நிலமாக்கும் வேலை நடக்கிறது. ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத இயந்திரங்கள்தான் அங்கே கூலியாட்கள். லேபர் என்று பெயர். அவற்றைச் செய்து விற்கிற பெரிய கம்பெனி ஷினோஹாரா கனரகத் தொழில். லேபரை வைத்தே குற்றங்கள் பெருகியபோது, போலீசுக்கு 'இங்கிராம்' என்ற லேபரைச் செய்து கொடுப்பதும் அதே ஷினோஹாராதான். நோயும் அவர்களுடையது, மருந்தும் அவர்களுடையது!

இங்கிராம் என்ன அழகு தெரியுமா! சுமார் 8 மீட்டர் உயரம், 6 டன் எடை. வலது காலின் பக்கவாட்டு மூடி திறக்கும். கை நீண்டு இறங்கி 37 மி.மீ. ரிவால்வரை எடுக்கும். ஓட்டுகிற போலீஸ்காரி நோவா அதற்கு அல்ஃபோன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறாள். முன்பு அவள் வளர்த்த நாய்க்கும் பூனைக்கும் அதே பெயர்தான். 2014 இல் நடிகர்களை வைத்து எடுத்தபோது முழு அளவில் ஒன்றைச் செய்தே நிறுத்திவிட்டார்கள். நம் ராஜாமணி சார் பார்த்திருந்தால் அன்றைக்கு வகுப்பே நடந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மமோரு ஒஷி இயக்கிய 1989 பேட்லேபர் படத்தில் ஷினோஹாரா ஒரு புது இயங்குதளத்தை வெளியிடுகிறது. பெயர் ஹெச்.ஓ.எஸ். வேகம் கூடும் என்றதும் ஊரிலுள்ள லேபர்களிலெல்லாம் ஏற்றிவிடுகிறார்கள். எழுதியவன் ஹோபா என்ற ஒரே ஆள். படம் தொடங்கும்போதே அவன் கடலில் குதித்துச் செத்துப்போகிறான். அவன் அதற்குள் வேண்டுமென்றே கோளாறை ஒளித்து வைத்திருக்கிறான். அப்புறம்தான் ஆளில்லாத லேபர்கள் தாமாக எழுந்து நடக்கின்றன. உயரமான கட்டிடங்களில் பலமான காற்று மோதும்போது எழும் தாழ்ந்த ஒலிதான் அவற்றைக் கிளப்பிவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்துப் புயல் வருகிறது. அவனை விட்டால் ஷினோஹாராவில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை, சேகர். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். தோண்டித் துருவுகிறவன் அசுமா. ஷினோஹாரா முதலாளியின் சொந்த மகன், போலீசில் இருக்கிறான். நோவாவின் இங்கிராம் தப்பித்ததற்குக் காரணம் ஷிகே என்ற மெக்கானிக். புதியதை ஏற்றிவிட்டதாகக் காட்டிக்கொண்டு, உள்ளே பழையதையே விட்டுவைத்திருந்தான்.

படம் முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. போன மாதம் நீ சொன்னாயே, "முதலில் அனுப்பிவிடுவோம், குறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் என்று. பிரேக்கைக் கட்டுப்படுத்துகிற மென்பொருள் அது. வண்டிக்குள் பிள்ளைகுட்டியோடு ஜனம் உட்காரும். சோதனை முடியவில்லை என்று நீயே சொன்னாய். உன் மேலதிகாரி நல்லவராகவே இருக்கட்டும், அவசரம் அவருக்கு. ஆனால் அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடும் இடத்தில் பெயர் உன்னுடையது. வேலை போனால் போகட்டும், இங்கே வா, ஆறு மாதம் நம் வீட்டில் இரு. அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா, இல்லையா? வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
முரளி