அந்த ஆயிரம் லிங்க் பேக்கேஜ் வேண்டாம் சித்ரா

அன்புள்ள சித்ரா,

உன் மெயில் வந்துச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் மனசு ஆறுச்சு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பெரியவன் வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டான், சாயங்காலம் வீடு அமைதியா இருக்கிறதால உன் சைட்டை ஒவ்வொரு பக்கமா உக்காந்து படிச்சேன். பழைய தையல் மிஷினைப் பிரிச்சு மாட்டுறதை இவ்ளோ பொறுமையா எழுதி நான் பாத்ததே இல்ல, நூல் ஏன் அடிப்பக்கம் சிக்குதுன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சுட்டு என் மிஷினை நானே சரி பண்ணிட்டேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். உன் சைட் கூகுள்ல மேல வரணும்னு லிங்க் விக்கிற ஒருத்தன் அனுப்பின பேக்கேஜை வாங்கலாமான்னு கேட்டிருந்தே, வேண்டவே வேண்டாம்டி. ஆயிரம் பேக்லிங்க் (வேற சைட்ல இருந்து உன் சைட்டுக்கு வர்ற லிங்க்), எல்லாம் டிஏ ஐம்பதுக்கு மேல, ஒரே மாசத்துல கூகுள்ல முதல் பக்கம்னு போட்டிருக்கான். அந்த டிஏ, அதாவது டொமைன் அத்தாரிட்டிங்கிறதே எஸ்இஓ (சைட்டைத் தேடல்ல மேல கொண்டு வர்ற வேலை) டூல் விக்கிற ஒரு தனியார் கம்பெனி தானா கணக்குப் போட்டுக் குடுக்கிற மார்க்கு, கூகுள் ரேங்க் பண்றப்ப அதை எடுத்துக்கறதே இல்ல.

லிங்க்குக்கு இவ்ளோ மவுசு எப்படி வந்துச்சுன்னா, 1996-ல ஸ்டான்ஃபோர்டுல லாரி பேஜும் செர்கே பிரினும் பேக்ரப்னு ஒரு ப்ராஜெக்ட் பண்ணாங்க, அதுதான் பின்னாடி கூகுள் ஆச்சு. அதுக்கு முன்னாடி இருந்த சர்ச் எஞ்சின்ல பெரும்பாலும் ஒரு வெப் பக்கத்துக்குள்ள எழுதியிருக்கிற வார்த்தைக்குத்தான் மதிப்பு, ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதி வெச்சவன் மேல வந்துடுவான். ஆராய்ச்சிக் கட்டுரைல ஒருத்தர் இன்னொருத்தரோட கட்டுரையைக் குறிப்பிட்டா அதுக்கு மதிப்பு கூடும் இல்லையா, அதே யோசனையை இவங்க லிங்க்குக்குக் கொண்டு வந்தாங்க. ஆனா எல்லா லிங்க்கும் சமம் இல்ல, விக்கிறவங்க இதை மட்டும் சொல்லவே மாட்டாங்க. லிங்க் குடுக்கிற பக்கத்துக்கே எவ்ளோ மதிப்பு இருக்குன்னு கூகுள் முதல்ல பாக்கும், அப்புறம் அந்த மதிப்பை அந்தப் பக்கத்துல இருக்கிற அத்தனை லிங்க்குக்கும் பங்கு போடும். பத்து லிங்க் இருக்கிற பக்கம்னா பத்துல ஒரு பங்கு, ஐநூறு லிங்க் அடுக்கி வெச்ச பக்கம்னா ஐநூறுல ஒரு பங்கு. அதுவும் முழுசா வந்து சேராது, 1998-ல அவங்க வெளியிட்ட கட்டுரைல 0.85-ன்னு ஒரு எண் வரும், அதாவது ஒருத்தர் லிங்க் மேல லிங்க்கா கிளிக் பண்ணிட்டே போறார்னு வெச்சுக்க, 85 சதவீதம் அடுத்த லிங்க்கை அமுக்குவார், மீதி 15 சதவீதம் அலுத்துப்போய் சம்பந்தமே இல்லாத வேற பக்கத்துக்குத் தாவிடுவார்னு கணக்கு. அந்த ஆள் விக்கிற லிங்க் இருக்கிற பக்கங்களுக்கு உருப்படியா யாரும் லிங்க் குடுத்திருக்க மாட்டாங்க, ஒண்ணும் இல்லாததை ஐநூறா பங்கு போட்டா உன் கைக்கு என்னடி வரும்?

இப்போ இந்த ஒரே கணக்கை வெச்சு மட்டும் ரேங்க் பண்றது இல்ல, நூத்துக்கணக்கா விஷயம் சேர்ந்திருக்கு. ஒரு பக்கத்துக்குள்ள லிங்க் எந்த இடத்துல இருக்குன்னுகூட பாக்க முடியும், 2010-ல கூகுளுக்குக் கிடைச்ச ஒரு பேடன்ட்ல இந்த யோசனை இருக்கு, கட்டுரை நடுவுல ஜனங்க நிஜமா கிளிக் பண்ற மாதிரி இருக்கிற லிங்க்குக்கு ஒரு மதிப்பு, பக்கத்து அடில யார் கண்ணுலயும் படாம கிடக்கிறதுக்கு வேற மதிப்பு.

லிங்க்கா மாத்துற அந்த எழுத்தும் முக்கியம், ஆங்கர் டெக்ஸ்ட்னு சொல்வாங்க. 2003-ல நிறைய பேர் சேர்ந்து ‘மிசரபிள் ஃபெயிலியர்’னு எழுதி அதுல ஜார்ஜ் புஷ் பத்தின வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு லிங்க் குடுத்தாங்க, அந்த வார்த்தையைத் தேடினா அவர் பக்கம்தான் முதல்ல வந்துச்சு, அந்தப் பக்கத்துல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது! 2007-ல தான் கூகுள் அதுக்கு ஒரு வழி பண்ணுச்சு. அந்த எழுத்துக்கு அவ்ளோ பலம். அதனாலதான் காசு குடுத்து வாங்கின லிங்க்கைக் கண்டுபிடிக்கிறதும் சுலபம், நிஜ மனுஷங்க ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க, வாங்கின லிங்க்ல மட்டும் ஆயிரம் இடத்துலயும் ஒரே வார்த்தை அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

பெரிய கம்பெனியே இதுல மாட்டியிருக்கு. 2011 பிப்ரவரில நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டுச்சு, அமெரிக்காவுல ஜேசி பென்னிங்கிற பெரிய கடைக்கு சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல இருந்து லிங்க் இருக்குன்னு. விஷயம் தெரிஞ்சதும் கூகுள் அந்தக் கடையைத் தேடல்ல கீழ தள்ளிடுச்சு, தங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லி கம்பெனி எஸ்இஓ பாத்த ஏஜென்சியை நிறுத்துச்சு. அவங்களுக்குக் கடை இருக்கு, பேர் இருக்கு, தாங்கிப்பாங்க. உன் சைட்டுக்கு கூகுள்ல தேடி வர்றவங்களை விட்டா யாரு வருவா, எனக்கு அந்தக் கவலைதான். அதுக்கு அடுத்த வருஷம், 2012 ஏப்ரல்ல, கூகுள் தேடல் முறைல பெங்குவின்னு ஒரு அப்டேட் வந்துச்சு, லிங்க்ல தில்லுமுல்லு பண்ண நிறைய சைட் ஒரே நாள்ல காணாமப் போச்சு. 2016-க்கு அப்புறம் அது மெயின் அல்காரிதத்தோடயே சேர்ந்து ஓடுது, இப்போ பெரும்பாலும் அந்த மாதிரி லிங்க்கை மதிக்காம விட்டுடும், அதாவது நீ குடுத்த காசு அப்படியே தண்டம், இன்னும் மோசமா போனா கூகுள் ஆளுங்களே பாத்து தண்டனையா மேனுவல் ஆக்‌ஷன் போடுவாங்க.

லிங்க்ல வைக்கிற நோஃபாலோங்கிற குறி பத்தியும் கேட்டிருந்தே. 2005-ல கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூணும் ஒத்துக்கிட்டுக் கொண்டு வந்தது, ‘இந்த லிங்க் இருக்கு, ஆனா நான் இதுக்கு ஜாமீன் இல்ல’ன்னு சொல்ற குறி. 2019-ல இன்னும் ரெண்டு வந்துச்சு, காசு வாங்கிப் போட்டதுக்கு ஸ்பான்சர்ட், வாசகர் எழுதினதுக்கு யுஜிசி. நீ ஊசி விக்கிற கடைக்கு கமிஷன் லிங்க் வெச்சிருக்கே இல்ல, அதுக்கு ஸ்பான்சர்ட் போட்டுடு.

ஆனா நான் நிஜமா வருத்தப்பட்டது உன் சைட்டுக்குள்ளேயே இருக்கிற லிங்க்கைப் பாத்துதான். உன்னோட பெஸ்ட் பக்கம் பாபின் கேஸ் டென்ஷன், அதாவது அடிநூல் இறுக்கம் பத்தினது, அந்தக் குட்டி ஸ்க்ரூவை எவ்ளோ திருப்பணும், பாபினை நூல்ல தொங்க விட்டு எப்படி செக் பண்ணணும்னு எழுதியிருக்கே, அதுக்கு உன் சைட்டுல ஒரு லிங்க்கூட இல்ல! உன் சர்ச் பாக்ஸ்ல டைப் பண்ணித்தான் நான் கண்டுபிடிச்சேன். பக்கங்களைப் படிச்சு சேக்கிற கூகுள்பாட்ங்கிற ப்ரோக்ராம் அப்படி டைப் பண்ணித் தேடும்னு நம்பி இருக்க முடியாதுடி, அது லிங்க்கைப் பிடிச்சுத்தான் பக்கம் பக்கமா போகும். சைட்மேப்ல, அதாவது உன் சைட் பக்கங்களோட பட்டியல்ல, இருந்தா பக்கம் இருக்குன்னு தெரிஞ்சுக்கும், மதிப்பு மட்டும் லிங்க் வழியாத்தான் போகும். நூல் சிக்குறது பத்தின கட்டுரைல இருந்து அதுக்கு லிங்க் குடு, ‘இங்கே கிளிக் பண்ணவும்’னு போடாம ‘பாபின் கேஸ் டென்ஷன் சரி பண்றது’ன்னே போடு, படிக்கிறவங்களுக்கும் எங்க போறோம்னு தெரியும். போன தடவை முகவரியெல்லாம் மாத்தினே இல்ல, பழைய முகவரிக்கு வர்றவங்களைத் தானா புதுசுக்கு அனுப்புற 301 ரீடைரக்ட் போடச் சொல்லு, இல்லன்னா யாரோ ஆசையா குடுத்த லிங்க் எல்லாம் காலிப் பக்கத்துல போய் நிக்கும்.

வெளி லிங்க் தானா வரும், வந்துக்கிட்டும் இருக்கு. சீரியல் நம்பரை வெச்சு மிஷின் எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்க நீ போட்ட அட்டவணைக்கு, பழைய மிஷின் சேக்கிற ஒருத்தர் தன் பக்கத்துல லிங்க் குடுத்திருக்கார், ‘இதைவிடத் தெளிவா வேற எங்கயும் இல்ல’ன்னு எழுதியிருக்கார். நீ கேக்கவும் இல்ல, காசும் குடுக்கல. சைட் வெச்சிருக்கிறவங்களுக்கு கூகுள் குடுக்கிற சர்ச் கன்சோல்ல லிங்க்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கும், அதைத் திறந்து பாரு, இன்னும் யார் யார் குடுத்திருக்காங்கன்னு தெரியும். பாத்துட்டு எனக்கு எழுது, பாபின் பக்கத்துக்கு எங்கெங்க லிங்க் வைக்கலாம்னு நான் ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன், அடுத்த மெயில்ல அனுப்பறேன்.

அன்புடன்,
வசந்தி