ஷவ்கி கரீபை ஒரே வரியில் முடிக்க முடியாது

ஆசிரியருக்கு,

வணக்கம். எகிப்தியக் கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஷவ்கி கரீபுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தது: 2015 ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெறத் தவறியதால் நீக்கப்பட்டவர். தகவல் சரிதான். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் நீண்ட ஒரு கால்பந்து வாழ்க்கையில் அது ஓராண்டு மட்டுமே. மீதியைச் சொல்லாமல் விட்டால், அந்த ஓராண்டு ஏன் அப்படிப் போனது என்பதும் விளங்காது.

கரீப் நைல் டெல்டாவில் உள்ள மஹல்லா அல்-குப்ராவைச் சேர்ந்தவர். 1927இல் தொடங்கப்பட்ட பெரிய நூற்பு நெசவு ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. ஆலையின் அணியான கஸ்ல் அல்-மஹல்லா 1973இல் லீக் பட்டம் வென்று, கெய்ரோவின் அஹ்லியும் ஸமாலிக்கும் மட்டுமே எகிப்து அல்ல என்று காட்டிய அணி. அந்த அணியின் நடுக்கள வீரராகத்தான் கரீப் தேசிய அணிக்குள் நுழைந்தார். 1986இல் கெய்ரோவில் கேமரூனைப் பெனால்டி ஷூட் அவுட்டில் 5–4 என்று வீழ்த்தி ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்த அணியிலும் இருந்தார். இரண்டு பெரிய கிளப்புகளுக்கு வெளியே இருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வருவது அங்கே அவ்வளவு எளிதல்ல.

பயிற்சியாளராக அவர் பெயர் வெளியே தெரிந்தது 2001இல், அர்ஜென்டினாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில். குழு ஆட்டத்தில் அர்ஜென்டினா எகிப்தை 7–1 என்று நொறுக்கியது. இளைஞர் அணி அத்தகைய தோல்விக்குப் பிறகு பெரும்பாலும் அப்படியே சரிந்துவிடும். இந்த அணி சரியவில்லை. அமெரிக்காவை 2–0, நெதர்லாந்தை 2–1 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. அங்கே கானாவிடம் 0–2 என்று தோற்றாலும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பராகுவேயை 1–0 என்று வீழ்த்தி வெண்கலம் பெற்றது. ஏழு கோல் வாங்கிய அணி, அதே போட்டியின் நாக் அவுட் சுற்றில் ஆடிய நான்கு ஆட்டங்களில் மூன்று கோல் மட்டுமே விட்டது. பயிற்சியாளரின் வேலை இதில் தெரியாவிட்டால் வேறு எதில் தெரியும்?

அடுத்து, தேசிய அணியின் பயிற்சியாளர் ஹசன் ஷெஹாதாவுக்கு உதவிப் பயிற்சியாளர். 2006இல் ஐவரி கோஸ்டை பெனால்டியில் 4–2, 2008இல் கேமரூனை 1–0, 2010இல் கானாவை 1–0 என்று வென்று தொடர்ந்து மூன்று ஆப்பிரிக்கக் கோப்பைகள். அங்கோலாவில் நடந்த 2010 போட்டியில் ஆறு ஆட்டங்களையும் எகிப்து வென்றது. மாற்று ஆட்டக்காரராகவே இறங்கி ஐந்து கோல் போட்ட கெதோதான் அந்தப் போட்டியின் அதிக கோல் அடித்தவர். களைத்த எதிரணியின் மேல் எந்த நிமிடத்தில் யாரை இறக்குவது என்ற கணக்கு அந்த பெஞ்சில் நன்றாகவே போடப்பட்டது. மூன்று மைய தற்காப்பாளர்கள், இரு ஓரங்களிலும் ஏறி இறங்கும் விங் பேக்குகள் என்ற அமைப்பும் ஷெஹாதா காலத்து எகிப்தின் அடையாளம். பின்னால் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் கரீப் கையில் எடுத்ததும் அதைத்தான்.

இனி அந்த ஓராண்டு. 2013 அக்டோபரில் குமாசியில் கானாவிடம் 6–1 என்று எகிப்து தோற்றது. கெய்ரோவில் 2–1 என்று வென்றும் பயனில்லை, உலகக் கோப்பை வாய்ப்புப் போய்விட்டது. அப்போதைய பயிற்சியாளர் பாப் பிராட்லி விலக, அந்த ஆண்டின் இறுதியில் கரீப் பொறுப்பேற்றார். அபூத்ரிக்கா ஓய்வு பெற்றுவிட்டார், வாயில் கோமாவும் விடைபெற்றுவிட்டார். மூன்று கோப்பை வென்ற தலைமுறையில் மிஞ்சியவர்கள் சிலரே. முகமது சாலா செல்சியில் அதிக வாய்ப்புக் கிடைக்காமல் இருந்தார்.

இதைவிடப் பெரிய சிக்கல் உள்நாட்டு லீக். 2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் சையித் மைதானத்தில் 74 பேர் இறந்த பிறகு அந்த சீசன் ரத்தானது. அடுத்த சீசனும் நாட்டுக் குழப்பத்தில் முடியாமலே போனது. 2013–14 லீக் 22 அணிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்துத்தான் நடத்தி முடிக்கப்பட்டது. பார்வையாளர்கள் இல்லாத மைதானங்கள் வழக்கமாகிவிட்டன. 2014 செப்டம்பர் 5 அன்று டாக்கரில் செனகலுக்கு எதிராக 2015 கோப்பைக்கான முதல் தகுதி ஆட்டம் ஆடியபோது எகிப்தின் புதிய லீக் சீசன் தொடங்கவே இல்லை. அங்கே 0–2. ஐந்தே நாளில் சொந்த மண்ணில் துனிசியாவிடம் 0–1. ஆறு ஆட்டங்களும் 75 நாளுக்குள் முடிந்துவிடும் அட்டவணை அது. இப்படிப்பட்ட குழுவில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் புள்ளி எடுக்காவிட்டால் மீள்வது கடினம். போட்ஸ்வானாவை இரண்டு முறையும் 2–0 என்று வென்றார்கள். செனகலிடம் மறுபடியும் 0–1. கடைசி ஆட்டத்தில் துனிசியாவில் முதலில் கோல் போட்டும் 1–2 என்று தோற்றார்கள். மூன்றாம் இடம் பெற்றவர்களில் சிறந்த ஓர் அணிக்கும் இடம் இருந்தது. 9 புள்ளி எடுத்த காங்கோ ஜனநாயகக் குடியரசு அதைப் பிடித்துக்கொண்டது. எகிப்து 6 புள்ளியோடு நின்றது.

நான்கு தோல்விகளில் மூன்று ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை. ஆனால் அதைச் சொல்லி கரீபை விடுவித்துவிட முடியாது. அதே நான்கு ஆட்டங்களில் மூன்றில் அவர் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. முன்னணி மெலிந்து நிற்பது அவருடைய அணிகளில் மறுபடியும் தென்பட்ட குறை. கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

2019 நவம்பரில் எகிப்தில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் ஆப்பிரிக்கக் கோப்பையில் அந்தக் குறை தெரியவில்லை. மாலியை 1–0, கானாவை 3–2, கேமரூனை 2–1, அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை 3–0. ஒலிம்பிக் இடம் அங்கேயே உறுதியாகிவிட்டது. இறுதியில் ஐவரி கோஸ்டை கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்றார்கள், வெற்றிக் கோல் கேப்டன் ரமதான் சோப்ஹியுடையது. முஸ்தஃபா முகமது 4 கோல்களோடு போட்டியின் முன்னணி கோல் வீரர்.

டோக்கியோவுக்கு அந்த முஸ்தஃபாவே வரவில்லை. ஒலிம்பிக் கால்பந்துக்கு வீரர்களை விடுவிக்கும் கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. கலாத்தசராய் அவரை விடவில்லை, லிவர்பூல் சாலாவை விடவில்லை. வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கு ஒலிம்பிக் அணியில் அனுமதிக்கப்பட்ட மூன்று இடங்களையும் கரீப் கோல்கீப்பர் முகமது ஷெனாவி, தற்காப்பாளர்கள் அகமது ஹெகாசி, மஹ்மூத் ஹம்தி 'வின்ஷ்' ஆகியோருக்கே கொடுத்தார். மூன்றும் பின்வரிசைக்கு. இது தற்செயல் அல்ல. அஹ்லி அணி ஜூலை 17 அன்று காசாபிளாங்காவில் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆடியது. ஷெனாவியும் அக்ரம் தவ்ஃபீக்கும் அதற்குப் பிறகே அணியோடு சேர முடிந்தது. ஸ்பெயினுக்கு எதிரான முதல் ஒலிம்பிக் ஆட்டமோ ஜூலை 22. கூடிப் பயிற்சி எடுக்க நேரமில்லாத அணிக்கு முதலில் கற்றுக்கொடுக்க முடிவது தற்காப்புதான்.

ஹெகாசி, வின்ஷ், ஒசாமா கலால் மூவரும் நடுவில். பந்து எதிரணியிடம் போனதும் இரு ஓரத்து ஆட்களும் இறங்கி, பின்வரிசை ஐந்தாகிவிடும். ஓரத்துத் தற்காப்பாளருக்கும் (ஃபுல் பேக்) மைய தற்காப்பாளருக்கும் இடையே பந்தைச் செலுத்தி உள்ளே ஓடுவதுதான் ஸ்பெயின் போன்ற அணிகளின் பிழைப்பு. ஐந்து பேர் நின்றால் அந்த இடைவெளியே இராது. பெத்ரி, ஒல்மோ, ஒயார்சபால் என்று ஐரோப்பியக் கோப்பையான யூரோவில் ஆடிய ஆறு பேரைக் கொண்ட ஸ்பெயின் அன்று கோல் போட முடியாமல் 0–0 என்று திரும்பியது. ஆனால் அமைப்பு ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். பந்து சொந்தப் பெட்டிக்கு அருகே கிடைப்பதால் எதிர் கோலுக்கு அறுபது எழுபது மீட்டர் போக வேண்டும். முன்னால் நிற்பவர் தனி ஆள். ஆதரவு வந்து சேர்வதற்குள் பந்து போய்விடும். அர்ஜென்டினாவிடம் 0–1 என்று தோற்றது இதனால்தான். ஒரு கோல் விழுந்ததும் திருப்பிப் போட வழி இல்லை.

ஆஸ்திரேலியாவுடனான கடைசிக் குழு ஆட்டத்தில் வென்றே ஆக வேண்டும். அகமது யாசர் ரயான் இடைவேளைக்குச் சற்று முன் ஒன்று போட்டார். 85ஆவது நிமிடத்தில் அம்மார் ஹம்தி இரண்டாவது கோல் போட்டார். வெறும் அலங்காரமாகத் தோன்றிய அந்தக் கோலின் மதிப்பைப் பாருங்கள். அதே நேரத்தில் நடந்த ஸ்பெயின்–அர்ஜென்டினா ஆட்டம் கடைசி நிமிடங்களில் 1–1 ஆனது. அர்ஜென்டினா இன்னொன்று போட்டு 2–1 என்று வென்றிருந்தால் ஸ்பெயினும் எகிப்தும் 4 புள்ளியில் நின்றிருக்கும். எகிப்து 1–0 மட்டுமே வென்றிருந்தால் இருவரின் கோல் வித்தியாசமும் பூஜ்யம், அதிக கோல் போட்ட ஸ்பெயின் உள்ளே, எகிப்து வெளியே. 2–0 ஆனதால் அந்த ஆபத்து இல்லாமல் போனது.

காலிறுதியில் பிரேசிலிடம் 0–1, மாத்தேயஸ் குன்யாவின் கோல். 37ஆவது நிமிடத்திலேயே பின்தங்கியும், மீதி ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிரேசில் கோல்கீப்பருக்குப் பெரிய வேலை இல்லை. கரீப் இன்னும் முன்னதாகவே துணிந்து ஆட்களை முன்னே தள்ளியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த ஒலிம்பிக்கில் தங்கமும் வெள்ளியும் வென்ற பிரேசிலும் ஸ்பெயினும் சேர்ந்து 180 நிமிடத்தில் எகிப்துக்கு எதிராகப் போட்டது ஒரே கோல்.

ஆறு மாதம் கழித்து, கார்லோஸ் கெய்ரோஸின் கீழ் எகிப்து ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் செனகலிடம் பெனால்டியில் தோற்றது. அன்று தொடக்க அணியில் இருந்த வின்ஷும் அகமது ஃபுத்தூஹும் டோக்கியோவிலிருந்து வந்தவர்கள், முஸ்தஃபா முகமது 2019 அணியிலிருந்து வந்தவர். கெய்ரோஸைப் பற்றி முழுப் பத்தி எழுதிய கட்டுரை, இந்த மூவரும் எந்த அணிகளிலிருந்து வந்தார்கள் என்பதைக் குறிப்பிடவில்லை. அடுத்த பகுதியில் 2001, 2019, 2021 முடிவுகளையும் 2014 அட்டவணைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
கோவை