நடவுப் பெண்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல சாகுபடி முறைகளை உழவர்கள் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தங்கள் இதழ் தொடர்ந்து எழுதிவருகிறது. மகிழ்ச்சி. ஆனால் உழவர் என்று யாரைச் சொல்கிறோம்? பட்டா வைத்திருப்பவரை மட்டும்தானா? திருவாரூர் மாவட்டத்தில் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலத்தில் நெல் போடுகிறவன் நான். ஒற்றை நாற்று நடவில் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் என் மனக்குறை விளங்கும்.

திருந்திய நெல் சாகுபடி, ராஜராஜன் 1000, செம்மை நெல் என்று பெயர் மாறி மாறி வந்தது இந்த முறை. ஏக்கருக்கு 30 கிலோ விதை விட்ட இடத்தில் 3 கிலோ போதும். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, வயல் காய்ந்த பிறகே மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமான தண்ணீர், உருளும் களைக்கருவி. மேட்டூரை நம்பிக் கிடக்கும் எங்களுக்கு இதைவிட ஏற்ற முறை என்ன இருக்கிறது?

பயிற்சிக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு மண்டபத்தில் படம் போட்டுக் காட்டி, கையேடு கொடுத்து, மதியம் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். நான் ஊருக்கு வந்து நடவாட்களிடம் வாயால் சொன்னேன். "ஒத்த நாத்தை நட்டா என்னத்துக்குத் தம்பி ஆவும்? நாளைக்கு எங்களத்தான குத்தம் சொல்லுவீங்க" என்றார் ஒரு அக்கா. பயந்து மூன்றும் நான்குமாகவே நட்டார்கள். வழக்கம்போல நாற்றைப் பறித்து, வேரை அலசி, முடிகளாக, அதாவது சிறு கட்டுகளாகக் கட்டி, வரப்பில் வெயிலில் கிடத்தி, பிறகு சேற்றில் அழுத்தினார்கள். பயிர் தேறவில்லை. முறை சரியில்லை என்று நானும் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். அது தப்பு.

மறு வருடம் பக்கத்து ஊரிலிருந்து, அங்கே இரண்டு போகம் இப்படி நட்டுப் பழகிய ஒரு பெண்மணி வந்தார். எதையும் விளக்கவில்லை, வயலில் இறங்கினார். பாய் போல மெல்லிய மண்ணில் வளர்க்கும் பாய் நாற்றங்காலில் இருந்து மண்ணோடு பெயர்த்த நாற்றை, அடியில் விதை ஒட்டியிருக்கும்போதே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, சேற்றின் மேல்மட்டத்தில் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி விட்டார். நேராகக் குத்தி இறக்கினால் வேர்நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், அது மறுபடி கீழே திரும்புவதற்குள் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும் நாட்கள் வீணாகும். எனக்குக் கிடைத்த கையேட்டில் இந்த விரல் அசைவு இல்லை. மதியத்துக்குள் எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் அதைக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருடம் என் வயலில் தூர் வெடித்து நின்றதைப் பார்க்க வேற்றூர்க்காரர்கள் வந்தார்கள்.

இந்த முறை பிறந்த கதையும் வயலில்தான். மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார், அங்கே சில உழவர்கள் ஒற்றை நாற்று நடுவதைக் கவனித்துக் கற்றார். 1983-ஆம் ஆண்டு வாக்கில், வறட்சியான பருவத்தில் 15 நாள் நாற்றையே நட நேர்ந்தபோது அது தூர் விட்ட விதம் அவரையே திகைக்க வைத்தது. எங்கள் பக்கத்திலேயே, ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் உழவர்களுக்கு அந்த விதை 2 கிலோ கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். வாங்கியவர் விளைவித்துக் காட்டித்தான் ஆகவேண்டும். பகிர்தல் என்றால் எனக்கு அதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். களைக்கருவி வந்ததும் அதைத் தள்ளும் வேலை ஆண்களுக்குப் போனது. கைக்களை எடுத்த பெண்கள் அந்தக் கூலியை இழந்தார்கள். எங்கள் களிமண்ணில் அந்தக் கருவியைத் தள்ளுவது ஆண்களுக்கே பெரும்பாடு. தன் கூலியைப் பறிக்கும் முறையை ஒரு பெண் எதற்காக ஆசையோடு கற்றுக்கொள்ள வேண்டும்? இதைப் பேசாமல் நிலைத்த வேளாண்மை, கிராம முன்னேற்றம் என்று பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

வேளாண்மைத் துறை பயிற்சியை மண்டபத்திலிருந்து வயலுக்குக் கொண்டுவர வேண்டும். நடவுப் பெண்களைக் குழுவாக அழைத்து அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும், ஒரு நாள் கூலி போனால் அவர்கள் வீட்டில் உலை வைப்பது கஷ்டம். கைதேர்ந்த நடவுப் பெண்களையே பயிற்றுநர்களாக, உரிய ஊதியத்தோடு ஊர் ஊராக அனுப்ப வேண்டும். பெண்கள் தள்ளக்கூடிய எடை குறைந்த கருவியை அந்தக் குழுக்களின் பெயரிலேயே வழங்கினால், போன களைக்கூலி அவர்களிடமே திரும்பும்.

அடுத்த குறுவைக்கு முன்னால் இப்படி ஒரு பயிற்சியை நடத்த யார் முன்வந்தாலும் என் வயலில் இரண்டு மாவை ஒதுக்கித் தருகிறேன். நாற்றங்காலும் நானே விட்டு வைக்கிறேன். வருகிற பெண்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.